பாட்டிக்கும் ஒரு வில்லை: சீனி போடாத கச்சான் பலகாரம்

தீபாவளி வந்துவிட்டால் நம் வீடுகளில் பலகாரத் தட்டுக்குக் குறைவே இல்லை. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, கேசரி என்று அடுக்கி வைத்து, வருகிறவர்களை எல்லாம் "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று உபசரிக்கிறோம். ஆனால் தட்டு பாட்டியின் பக்கம் போனால் மட்டும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "பாட்டிக்குக் குடுக்காதே! அவங்களுக்கு இனிப்பு நீர்!"

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் குரல் கேட்காத வீடு குறைவு. 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 100-க்கு 31 பேர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காடாகச் சற்று இறங்கியது. ஆனாலும் இந்தியர்களின் கணக்கு மற்ற பெரிய இனங்களைவிட மேலேயே நின்றது.

சிரம்பானிலிருந்து தம்பின் போகும் வழியில் உள்ள பெடாஸ், செம்போங், ரெம்பாவ் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இங்கே பால்மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் இன்று தாத்தா பாட்டிகளாகிவிட்டார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, வெயிலில் வேர்வை சிந்திய அந்த உடம்புக்குக் கெட்டிப் பால் ஊற்றிய தேநீர் ஒரு பொருட்டாக இல்லை. இன்று வேலை நின்றுவிட்டது. கெட்டிப் பால் மட்டும் நிற்கவில்லை!

அதற்காக, வயதானவர்களுக்கு இனிப்பே கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடுவதும் பலன் தருவதில்லை. தடை போட்ட வீட்டில்தான் அடுக்களை டின் இரவில் சத்தமில்லாமல் திறக்கப்படுகிறது. மறைத்துச் சாப்பிடுகிறவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது, சில சமயம் அவருக்கே தெரியாது. அதைவிட, பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும்படி, கணக்குத் தெரிந்த ஒரு பலகாரம் வீட்டில் இருப்பது நல்லதல்லவா? அப்படி ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். இதற்கு ஓவன் வேண்டாம். கேஸ் அடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும் அரைக்கும் பிளெண்டரும் இருந்தால் போதும்.

குலா மலாக்கா போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். "வெள்ளைச் சீனிதான் கெடுதல். நான் குலா மலாக்கா போட்டுத்தான் செஞ்சேன், நீங்க தைரியமா சாப்பிடுங்க அத்தை" என்று அன்போடு பரிமாறும் மருமகள்மார் உண்டு. அன்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

குலா மலாக்கா தென்னம்பாளையிலிருந்து வடியும் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. கருப்பட்டி பனையிலிருந்து வருவது, வெல்லம் கரும்பிலிருந்து வருவது. நிறமும் மணமும் வேறு வேறு என்றாலும், இவை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனிச் சத்துதான். தேனிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம் சீனிச் சத்து உண்டு. பேரீச்சம்பழத்திலும் பாதிக்கு மேல் சீனிச் சத்தே இருக்கிறது. இரத்தத்தில் கலந்த பிறகு அது வெள்ளைச் சீனியிலிருந்து வந்ததா, கருப்பட்டியிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை.

ஆகவே, ஒரு பலகாரம் இனிப்பு நீர் உள்ளவருக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டுமானால், சீனியின் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒரு துண்டில் மாவுச் சத்தும் சீனிச் சத்தும் எத்தனை கிராம் என்று பாருங்கள். அரிசி மாவு, கோதுமை மாவு, ரவை எல்லாமே வயிற்றுக்குள் போய்ச் சீனியாக மாறுகிறவைதான். சீனி போடாத பிஸ்கட் என்று கடையில் வாங்கினாலும் அதில் மாவு இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கச்சான் ஏன் நல்லது?

நிலக்கடலையைத்தான் இங்கே நாம் கச்சான் என்கிறோம். பச்சைக் கச்சான் 100 கிராமில் சுமார் 26 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உள்ளன. மாவுச் சத்து, நார்ச் சத்து எல்லாம் சேர்ந்து 16 கிராம்தான். அதிலும் பாதிக்குமேல், ஏறக்குறைய 8.5 கிராம், நார்ச் சத்து. நார்ச் சத்து இரத்தத்தில் சீனியாக ஏறுவதில்லை. அதனால்தான் கச்சான் சாப்பிட்டால் சீனி அளவு மெதுவாக, கொஞ்சமாகவே ஏறுகிறது.

கச்சானும் தமிழர்களும் பழைய சொந்தக்காரர்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர்தான் எட்டயபுரம். எட்டயபுரம் பகுதியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள்தாம் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே தொழிலை வளர்த்தன. அங்கே ஒரு குடியிருப்புக்கே கச்சாங் பூத்தே கிராமம் என்று பெயர் நிலைத்துவிட்டது. தலையில் தட்டைச் சுமந்து, காகிதச் சுருளில் கடலை மடித்து விற்ற அந்த உழைப்பாளிகளை நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள்.

கச்சானை வெண்ணெய் போல அரைத்துச் சாப்பிடுவது மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் வீட்டுக் கடலைச் சட்னியும், மலாய்க்கார அண்டை வீட்டாரின் சாத்தேக்குரிய குவா கச்சாங்கும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். கடலை விழுதுக்கு 1884-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் கனடாவைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன். அடுத்து 1895-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹார்வி கெலாக் தம் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனால் நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைக் குடும்பத்தில் பிறந்து விஞ்ஞானியான இந்தக் கறுப்பினப் பெரியவர், 1916-ஆம் ஆண்டில் கடலையை 105 வகையாகச் சமைப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. பருத்திக் காட்டில் உழைத்து வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு, மலிவான ஒரு பொருளைக் கொண்டு வயிறார உண்ண வழி காட்டினார் என்பதே அவருடைய பெருமை.

தேவையான பொருள்கள் (24 வில்லைகளுக்கு)

வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் – 300 கிராம் (தேநீர்க் கோப்பையில் 2 கோப்பை)
சீனி சேராத காய்ந்த தேங்காய்த் துருவல் – 60 கிராம் (முக்கால் கோப்பை)
வறுத்த எள் – 3 மேசைக் கரண்டி
தேங்காய் எண்ணெய் – 3 மேசைக் கரண்டி
ஏலக்காய்த் தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு – 2 சிட்டிகை
சீனிக்கு மாற்றான இனிப்புத் தூள் – 3 மேசைக் கரண்டிச் சீனியின் இனிப்புக்குச் சமமான அளவு
விருப்பமானால், சீனி சேராத கொக்கோத் தூள் – 2 மேசைக் கரண்டி

இனிப்புத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. சீனித் துளசி இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா, எரித்ரிட்டால் என்று பலவகை கடைகளில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் இனிப்பும் ஒவ்வோர் அளவு. ஆகவே எவ்வளவு தூள் எவ்வளவு சீனிக்குச் சமம் என்று பாக்கெட்டிலேயே பார்த்துப் போடுங்கள். சில பாக்கெட்டுகளில் குளுக்கோஸ் வகை மாவுகளைக் கலந்து எடையைக் கூட்டியிருப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

செய்முறை

1. பச்சைக் கச்சான் வாங்கியிருந்தால், இரும்புச் சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் வறுக்கவும். கால் மணி நேரம் பிடிக்கும். தோல் வெடித்து மணம் வந்ததும் இறக்கி, சுளகில் கொட்டித் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். தீயைக் கூட்டிவிட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும்.

2. ஒரு கைப்பிடிக் கச்சானைத் தனியே எடுத்து ஒன்றிரண்டாக இடித்து வைக்கவும். கடிக்கும்போது வாயில் அகப்பட வேண்டியது இதுதான்.

3. மீதியைச் சூடு ஆறுவதற்குள் காய்ந்த பிளெண்டரில் சிறிது சிறிதாகப் போட்டு அரைக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும். இன்னும் அரைத்தால் தன் எண்ணெயைத் தானே விட்டு விழுதாக இளகும். நடுநடுவே நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிடுங்கள். பிளெண்டர் சூடேறினால் சற்று ஓய்வு கொடுங்கள்.

4. தேங்காய்த் துருவலைச் சிறு தீயில் இலேசாக வறுத்து ஆற வைக்கவும். பச்சைத் தேங்காய்தான் இருக்கிறது என்றால், ஈரம் முழுதும் வற்றும்வரை வறுக்க வேண்டும். ஈரம் நின்றால் பலகாரம் சீக்கிரம் ஊசிப் போகும்.

5. அகன்ற பாத்திரத்தில் கச்சான் விழுது, தேங்காய் எண்ணெய், இனிப்புத் தூள், உப்பு, ஏலக்காய்த் தூள் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலக்கவும். பிறகு தேங்காய்த் துருவல், எள், இடித்த கச்சான் சேர்த்துப் பிசையவும். கொக்கோ வேண்டுமானால் இப்போது சேர்க்கலாம்.

6. சுமார் 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டில் எண்ணெய்க் காகிதம் விரித்து, கலவையைக் கொட்டிக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திச் சமப்படுத்தவும். தளர்வாக விட்டால் வெட்டும்போது உதிரும்.

7. குளிர்ப்பெட்டியில் 2 மணி நேரம் வைக்கவும். இறுகியதும் நீளத்தில் 6, அகலத்தில் 4 என்று வெட்டினால் 24 வில்லைகள் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் ஊர் நடுப்பகல் அதைவிடக் கூடுதல் சூடு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வில்லைகளை மூடிய டப்பாவில் குளிர்ப்பெட்டியிலேயே வைத்து, வேண்டும்போது மட்டும் வெளியே எடுங்கள். 10 நாள் தாராளமாக இருக்கும்.

அரைக்க நேரமில்லாமல் கடையில் கடலை வெண்ணெய் வாங்குகிறவர்கள், போத்தலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, எடை அதிகமுள்ள பொருளின் பெயரே முதலில் வரவேண்டும். கச்சாங் என்ற சொல்லுக்கு அடுத்ததாகவே குலா என்ற சொல் இருந்தால், அந்தப் போத்தலில் சீனி நிறைய இருக்கிறது என்று பொருள்.

ஒரு வில்லையின் கணக்கு

மேலே சொன்ன அளவில் செய்தால் ஒரு வில்லை சுமார் 18 கிராம் எடை இருக்கும். அதில் மாவுச் சத்தும் நார்ச் சத்தும் சேர்ந்து ஏறக்குறைய 3 கிராம். நார்ச் சத்தைக் கழித்தால் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் நிற்கும். அதே எடையுள்ள வெல்லப் பாகுக் கடலை மிட்டாயில் வெல்லம் மட்டுமே 6 முதல் 9 கிராம் வரை இருக்கும். கோப்பியில் ஊற்றும் கெட்டிப் பால் ஒரு மேசைக் கரண்டியில் ஏறக்குறைய 11 கிராம் சீனி இருக்கிறது.

சீனிக் கணக்கு இப்படி என்றால், கொழுப்புக் கணக்கு வேறு. ஒரு வில்லையில் சுமார் 110 கலோரி உண்டு. ஐந்து வில்லை சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி வந்துவிடும்! சீனி இல்லை என்ற தைரியத்தில் தட்டைக் காலி செய்தால் எடை ஏறும். எடை ஏறினால் இனிப்பு நீரும் கூடவே முறுக்கேறும். நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பிஸ்கட், கேக் ஆகியவற்றுக்குப் பதிலாக இருக்கட்டும், அவற்றோடு கூட வேண்டாம். எடையைக் குறைக்க மாற்று இனிப்புத் தூள்களை நம்பியிருக்க வேண்டாம் என்று 2023-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் அறிவுறுத்தியது. நாவைக் குறைந்த இனிப்புக்குப் பழக்குவதே நிலையான வழி. அடுத்த முறை செய்யும்போது இனிப்புத் தூளை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இவற்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்

முதலாவது, மயக்கம். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஊசி போடுகிறவர்களுக்கும் சில சமயம் சீனி அளவு மிகவும் இறங்கிவிடும். வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். இரத்தச் சீனி லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போய்விட்டதன் அடையாளம் இது. அந்த நேரத்தில் இந்த வில்லையைக் கொடுக்கவே கூடாது! இதில் சீனி இல்லை, இருக்கும் கொழுப்பும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். அப்போது வேண்டியது உண்மையான சீனி. 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது ஒரு மேசைக் கரண்டித் தேன் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழையுங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சிறு சீனிப் பொட்டலம் இருப்பது உயிருக்குக் காவல்.

இரண்டாவது, பூஞ்சணம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணத்தைத் தேடியபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுவதும் போய்விடாது. நம் நாட்டுச் சூடும் ஈரமும் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே கச்சானைப் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை படர்ந்தது, வாயில் கசந்தது எதுவானாலும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, ஆகாதவர்கள். கச்சான் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது. சிலருக்கு உதடு வீங்கி மூச்சே அடைத்துவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் கச்சானிலுள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றை முன்னிட்டு டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். இனிப்பு நீர் நெடுநாள் இருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் பெரியவர்கள் விஷயத்தில் இதைக் கேட்டுக்கொள்வது அவசியம். குழந்தைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். அவர்களுக்குச் செய்யும் வில்லையில் இடித்த கச்சானைச் சேர்க்காமல் நைசாகவே செய்யுங்கள்.

இந்தப் பலகாரம் மருந்தல்ல. இதைச் சாப்பிட்டால் இனிப்பு நீர் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுவதும், அரசாங்க கிளினிக்கில் தேதி தவறாமல் இரத்தம் சோதிப்பதும், மாலையில் அரை மணி நேரம் நடப்பதும் எப்போதும் போலத் தொடர வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்லிவரும் முறையையும் கடைப்பிடியுங்கள்.

தாய்மார்களே, இந்த வாரம் கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு பாக்கெட் கச்சான் வாங்கி வாருங்கள். தோல் உரிக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். செய்த வில்லைகளை எண்ணி, டப்பாவின் மேல் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். யார் எத்தனை எடுத்தார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒளித்துச் சாப்பிடும் பத்து உருண்டையைவிட, எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வில்லை உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நிறைவு.